மெஷின் நின்னா முதல்ல பஞ்சைப் பாருங்க!
(தொழில் பாடம்: தையல் மெஷின் சென்சார் பழுதுகள்)



திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கம் நம்ம குழுக்களில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முன்பெல்லாம் கிளட்ச் மோட்டார் மெஷின்தான். சுவிட்சைப் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் 'உய்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட் தேய்ந்தால் பெல்ட் மாற்றுவோம், அவ்வளவுதான். இப்போது கடன் போட்டு வாங்குவதெல்லாம் சர்வோ மோட்டார் மெஷின். பெடலை மிதித்தால் மட்டும் மோட்டார் சுற்றும், கரண்ட் மிச்சம். குதிகாலால் பின்னாடி அழுத்தினால் நூலை அதுவே வெட்டும். ஓவர்லாக்கில் வெட்டின பிசிறை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

வேலை சுலபம்தான். ஆனால் மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் நமக்குக் கை ஓடுவதில்லை. சின்னத் திரையில் ஒரு எழுத்தும் எண்ணும் மின்னும். "சென்சார் போச்சு", "போர்டு போச்சு" என்று யாராவது சொல்வார்கள். கேட்டவுடனே பயந்து போய், சொன்ன பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் "சென்சாரைக் கழட்டி டைரக்ட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் விரல் போகும்.

இந்த மாதப் பாடத்தில், சென்சார் என்றால் என்ன, மெஷின் நின்றால் எதை முதலில் பார்க்க வேண்டும், எங்கே நாம் கை வைக்கக் கூடாது என்று பார்ப்போம். கல்வித் தகுதி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் ஒரு நோட்டும் போதும்.

சென்சார் என்றால் என்ன?

நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. நூல் அறுந்தால் மெஷினில் சின்ன லைட் எரியும், மெஷின் தானாக நின்றுவிடும். அங்கே ஆள் நின்று ஒவ்வொரு நூலையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நூல் இருக்கிறதா இல்லையா என்று உணர்ந்து சொல்கிற கருவி இருக்கிறது. அதுதான் சென்சார். தமிழில் உணரி என்று சொல்வார்கள்.

சென்சார் தானாக எதையும் முடிவு பண்ணாது. "துணி வந்தாச்சு", "ஊசி மேலே நிற்குது", "மூடி திறந்திருக்கு" என்று சேதி சொல்லும். போர்டு அதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும், அல்லது நிறுத்தும். மெஷின் நின்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல தடவை அது உண்மையைத்தான் சொல்கிறது. நாம்தான் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நம்ம மெஷினில் சென்சார் எங்கெல்லாம் இருக்கிறது?

மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பொதுவாக நான்கு இடம்.

1. பெடல் சென்சார். எவ்வளவு மிதிக்கிறோம், முன்னாடியா பின்னாடியா என்று போர்டுக்குச் சொல்லும்.

2. ஊசி நிலை சென்சார். கைச்சக்கரத்துப் பக்கம் இருக்கும். ஊசி மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று சொல்லும்.

3. பாதுகாப்பு சென்சார். சிங்கர் மெஷினில் தலைப்பகுதியைச் சாய்த்தால் ஓடாமல் தடுக்கும். ஓவர்லாக்கில் பல மாடலில் முன் மூடி திறந்திருந்தால் ஓடாது.

4. துணி சென்சார். தானாக நூல் வெட்டுகிற, பிசிறு உறிஞ்சுகிற ஓவர்லாக்கில் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும். துணி உள்ளே வந்ததும், வெளியே போனதும் இதற்குத் தெரியும்.

இதில் துணி சென்சார் ஒளியால் வேலை செய்வது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது மறைகிறதா, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். பெடலிலும் கைச்சக்கரத்திலும் பெரும்பாலும் காந்தத்தை உணரும் சென்சார்தான். ஹால் சென்சார் என்று பெயர். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்த விளைவு அது. கரண்ட் போகிற தகட்டுப் பக்கம் காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே சின்ன வோல்டேஜ் உண்டாகும். அதை வைத்துக் காந்தம் பக்கத்தில் இருக்கா, தள்ளி இருக்கா என்று தெரிந்துகொள்கிறது.

இந்த வித்தியாசம் ஏன் தெரியணும்? ஒளி சென்சாருக்கு எதிரி பஞ்சும் எண்ணெயும். கண்ணாடியில் ஒட்டினால் கண் மறைந்துவிடும். காந்த சென்சாரைப் பஞ்சு மறைக்காது. அதற்கு எதிரி இரும்புத் தூள், உடைந்த ஊசித் துண்டு, இடம் நகர்ந்த காந்தம், லூசான திருகு. இரண்டுமே உரசித் தேய்கிற பொருள் இல்லை. அதனால், சென்சாரே செத்துப்போவதைவிட அதைச் சுற்றி இருப்பது கெடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். 5 நிமிடமாவது பொறுங்கள். கன்ட்ரோல் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்ற பொருள் கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதில் கரண்ட் இருக்கும். அந்தப் பெட்டியை நாம் எப்போதும் திறக்க வேண்டாம். அது தெரிந்த மெக்கானிக்கின் வேலை. திறந்தால் வாரண்டியும் போகலாம்.

மெஷின் நின்றால் ஏழு படி

படி 1: எழுதுங்கள். திரையில் என்ன எழுத்து, என்ன எண்? எந்தத் துணி ஓடியது? காலையிலா, சாயங்காலமா? ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் எண்ணின் அர்த்தம் மாறலாம். ஜூகி மெஷினுக்குச் சொன்னது ஜாக் மெஷினுக்குப் பொருந்தாது. மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ள பட்டியலை நகல் எடுத்து டேபிள் பக்கம் ஒட்டி வையுங்கள். ஆங்கிலமாக இருந்தால் காலேஜ் படிக்கிற பிள்ளைகளிடம் தமிழில் எழுதி வாங்குங்கள்.

படி 2: பெடலைப் பாருங்கள். பெடல் மேல் துணிக்கட்டு, பை, செருப்பு ஏதாவது இருக்கிறதா? பெடல் அழுந்திய நிலையில் சுவிட்சைப் போட்டால் பல மெஷின்கள் ஓட மறுக்கும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. பெடலை விடுவித்து ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதே எண் மறுபடி வந்தால் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

படி 3: கரண்டைப் பாருங்கள். வீட்டு இணைப்பில் 230 வோல்ட் வர வேண்டும். சாயங்காலம் மட்டும் எல்லா மெஷினும் தகராறு செய்தால் அது வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்கு மெஷினும் அயர்ன்பாக்ஸும் மாட்டியிருந்தால் அதைப் பிரியுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். தெருவுக்கே வோல்டேஜ் இல்லை என்றால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம்.

படி 4: கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் சட்டிலில் நூல் சிக்கியிருக்கலாம். மோட்டார் திணறித்தான் நின்றிருக்கிறது. நூலை எடுத்தாலே வேலை முடிந்தது.

படி 5: பஞ்சையும் ஊசித் துண்டையும் பாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் பஞ்சை வெளியே தள்ளி எடுங்கள். ஒளி சென்சாரின் கண்ணாடியை உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம். கறை எடுக்கிற ஸ்ப்ரே கன் கெமிக்கலும் வேண்டாம். பிளாஸ்டிக் மங்கிவிடும். கம்ப்ரஸர் காற்றைச் சென்சாருக்கு நேராக அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே போய் உட்காரும். ஊசி உடைந்தால் துண்டு எல்லாம் சேர்த்துக் கொடுத்தால்தான் புது ஊசி என்று கம்பெனியில் சொல்வார்கள் அல்லவா? துணிக்குள் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அந்த விதி. நம்ம யூனிட்டிலும் அதைக் கடைப்பிடித்தால் காந்தத்தில் துண்டு ஒட்டுவதும் தெரிந்துவிடும்.

படி 6: ஒயரைப் பாருங்கள். சென்சாரிலிருந்து போர்டுக்கு ஒரு ஒயர் போகும். டேபிளில் நசுங்கியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? பிளக் பாதி கழன்றிருக்கிறதா? வெளியே தெரிகிற பிளக்கை மட்டும், கரண்ட் இல்லாத நேரத்தில், தலைப்பைப் பிடித்துக் கழற்றி மறுபடி சொருகுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒயர் அறுந்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

படி 7: மாற்றிப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் மெஷின் இரண்டு இருந்தால் இது நல்ல வழி. பெடலில் சந்தேகம் என்றால், இரண்டு மெஷினையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பெடல் யூனிட்டை மாற்றிச் சொருகுங்கள். பழுது பெடலோடு சேர்ந்து அடுத்த மெஷினுக்குப் போனால், கெட்டது பெடல். பழுது பழைய மெஷினிலேயே நின்றால் பெடல் நல்லது, கோளாறு வேறு இடத்தில். ஒரு புதுப் பாகமும் வாங்காமல் பாதி பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி சொல்லும் சேதி

ஊசி மேலே நிற்காமல் நடுவிலேயே நிற்கிறது: கைச்சக்கரத்தின் திருகு லூசா, காந்தம் நகர்ந்திருக்கிறதா, ஒயர் சரியா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் சரியான இடத்தில் வைக்க மெக்கானிக் வேண்டும்.

சிங்கர் மெஷின் துடைத்த பிறகு ஓடவில்லை: தலைப்பகுதி சரியாக உட்காரவில்லை. அடியில் பஞ்சு கட்டியாக இருந்தாலும் ஒரு நூலளவு தூக்கி நிற்கும். எடுத்துவிட்டு மறுபடி உட்கார வையுங்கள்.

ஓவர்லாக்கில் துணி வைக்காமலே உறிஞ்சுகிறது, அல்லது துணி வைத்தும் வெட்டவில்லை: முதல் சந்தேகம் கண்ணாடியில் பஞ்சு. அடுத்தது வெளிச்சம். ஜன்னல் வெயிலோ டேபிள் லைட்டோ நேராக விழுந்தால் சென்சார் குழம்பும். அட்டையால் நிழல் பண்ணிப் பாருங்கள். சரியானால் லைட்டைத் திருப்பி வையுங்கள். சில கருப்புத் துணிக்கும் மெல்லிய துணிக்கும் சென்சாரின் கூர்மையைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உறிஞ்சும் சத்தம் வருகிறது, பிசிறு அப்படியே கிடக்கிறது: சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. குழாயோ பிசிறுப் பையோ அடைத்திருக்கிறது.

பேட்டரி வேக்குவம் வைத்திருந்தால்

சில யூனிட்டுகளில் டேபிள் பஞ்சு எடுக்க, ஒயர் இல்லாத கையடக்க வேக்குவம் கிளீனர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவது நல்லதுதான். மூக்கிலும் பஞ்சு போகாது. ஆனால் அதிலும் சென்சார் உண்டு. லைட் மின்னி நின்றால் "கெட்டுப்போச்சு" என்று மூலையில் போட வேண்டாம். தூசிப் பெட்டி சரியாக மாட்டியிருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா? ஃபில்டர் அடைத்திருக்கிறதா? பிரஷ் உருளையில் நூல் சுற்றியிருக்கிறதா? தையல் யூனிட்டில் நூல் சுற்றுவதுதான் பெரிய தொந்தரவு. மெஷினை அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, நூலை வெட்டி எடுங்கள். சூடாக இருந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, அதுவும் பாதுகாப்புதான். ஆறவிட்டுப் போடுங்கள். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் மோட்டாருக்கு ஆகாது. பேட்டரி உப்பினாலோ நாற்றம் வந்தாலோ சார்ஜ் போடாமல் சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள்.

'டைரக்ட்' வேண்டவே வேண்டாம்

ஷிப்மென்ட் அவசரம். மூடி சென்சார் தகராறு செய்கிறது. "ஒயரை ஒண்ணு சேர்த்துடறேன், ஓடும்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் அதற்கப்புறம் மூடி திறந்திருந்தாலும் ஓடும். நூல் கோக்கக் கை உள்ளே இருக்கும்போது கால் பெடலில் பட்டாலும் ஓடும். ஓவர்லாக் நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேலும் போகக்கூடியது. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 80 தடவைக்கு மேல் ஊசி இறங்கி ஏறும். பக்கத்தில் பிளேடும் இருக்கிறது. கையை எடுக்க நேரமே கிடைக்காது.

ஆபத்தான மெஷின் பாகத்துக்கு மூடியும் தடுப்பும் வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்ட விஷயம். நம்ம யூனிட் சின்னது, ஐந்தாறு மெஷின்தான் என்று நினைக்க வேண்டாம். விரல் எல்லோருக்கும் பத்துதான். பாதுகாப்பு சென்சார் கெட்டால் புதுசு போடும்வரை அந்த மெஷின் நிற்கட்டும்.

மெக்கானிக்கிடம் இப்படிப் பேசுங்கள்

"ஏனுங்ண்ணா, மெஷின் ஓடலீங்க" என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கொண்டு வருவார்? நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்:

"அண்ணா, ஓவர்லாக் மெஷினுங்க. மாடல் நம்பர் இதுங்க. காலையில இருந்து இந்த எண் காட்டுது. பஞ்சு எடுத்துட்டோம். ஒயர் நல்லா இருக்குது. பக்கத்து மெஷின் பெடலைப் போட்டும் பார்த்தோம், அப்பவும் அதே எண்தானுங்க. வரும்போது அதுக்குத் தகுந்த சாமான் கொண்டு வாங்க."

இப்படிச் சொன்னால் இரண்டு தடவை வந்து போகிற செலவு மிச்சம். "போர்டு போச்சு" என்று அவர் சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் வாங்குங்கள். புதுப் பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டி இருக்கும்போதே சரிசெய்து தர மறுத்தால் சும்மா விட வேண்டாம். "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று சிலர் சொல்லலாம். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இதற்கெல்லாம் பில், வாரண்டி அட்டை, மெஷின் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

ஓவர்லாக்கில் ஒரு டெய்லர் மணிக்கு 40 பீஸ் போடுகிறார், பீஸுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு அடைத்து 5 மணி நேரம் மெஷின் நின்றால் 400 ரூபாய் போச்சு. அதோடு முடிவதில்லை. ஓவர்லாக் பீஸ் வந்தால்தான் பேட்லாக் ஓடும், சிங்கர் ஓடும், செக்கிங் நடக்கும். ஒரு மெஷின் நின்றால் நான்கு பேர் கையைக் கட்டி உட்கார வேண்டும். கடன் தவணை மட்டும் நிற்காது. தினமும் வேலை முடிந்ததும் 10 நிமிடம் மெஷின் துடைப்பது வெட்டி வேலை இல்லை, அதுவும் ஒரு சேமிப்புதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் விவாதிக்க

1. நம்ம மெஷின்களின் பில், வாரண்டி அட்டை, புத்தகம் யாரிடம் இருக்கிறது? எல்லாம் ஒரே கோப்பில் இருக்கிறதா?

2. எந்த மெஷினிலாவது பாதுகாப்பு சென்சார் 'டைரக்ட்' செய்யப்பட்டிருக்கிறதா? இருந்தால் என்றைக்குள் சரிசெய்வோம்?

3. மெஷின் நோட்டை யார் எழுதுவது? தேதி, எண், என்ன பார்த்தோம், என்ன செலவு என்று நான்கு கட்டம் போட்டால் போதும்.

4. மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள எந்த இரண்டு உறுப்பினர்கள் தயார்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. பெடலை மிதிக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த ஏழு படியும் தெரிய வேண்டும். களப்பணிக்கு வரும்போது உங்கள் மெஷின் நோட்டைக் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.